தம்பியின் கை ஏன் எழுந்தது

நோக்குநிலை ஆய்வு நிறுவனத்தில் பதவி உயர உயர ஜன்னல் சிறியதாகும். கீழ்த்தளத்தில் உட்காரும் எழுத்தருக்கு ஆள் நுழையும் அளவுக்கு ஜன்னல் உண்டு. அதற்கு மேலே நெருக்கப் பார்வையாளருக்குப் பாதி ஜன்னல். நடுத்தூரப் பார்வையாளருக்குக் கால் ஜன்னல். துணை இயக்குநருக்கு ஒரு காற்றுத் துளை. அதிலும் புறா கூடு கட்டியிருந்தது, அதை அவர் கலைக்கவில்லை. எல்லோருக்கும் மேலே இருந்த இயக்குநருக்கு ஜன்னலே கிடையாது. ஜன்னல் என்று ஒன்று இருந்தால் அது ஏதாவது ஒரு பக்கம் பார்த்துத்தான் இருக்கும், ஒரு பக்கம் பார்ப்பவர் எப்படி நடுநிலையாக இருக்க முடியும் என்று நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் யோசித்திருந்தார்கள். அதனால் இயக்குநருக்கு 'இடமற்றவர்' என்று பெயர். ஊரில் யார் யாரை அடித்தாலும், யார் எங்கே நின்று எதைப் பார்த்தார்கள், அதில் எவ்வளவு செல்லும் என்பதை அவர்தான் இருட்டில் உட்கார்ந்து சொல்வார். நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

அந்தக் கட்டடத்துக்கு எதிரே, ஒரே முற்றத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, மருத்துவமனையின் சலவைக்கூடம் இருந்தது. அதன் மாடியில் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. அவளுக்கும் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. ஆவி வெளியே போக வேண்டும் என்பதற்காக வைத்தது. அதற்கு வேறு தத்துவம் எதுவும் இல்லை.

முற்றத்தின் நடுவில் நிறுவனத்தார் ஒரு வெள்ளை வட்டம் வரைந்து வைத்திருந்தார்கள். அடிப்படைப் புள்ளி என்று அதற்குப் பெயர். எல்லாத் தூரங்களையும் அங்கிருந்துதான் அளப்பார்கள் என்பதால் அங்கே யாரும் நிற்கக் கூடாது. அன்று காலை அவளுடைய தம்பி ஈரத் துணி ஏற்றிய தள்ளுவண்டியோடு முற்றத்தைக் கடந்தான். வண்டியின் முன்சக்கரம் சரியாக வட்டத்துக்குள் போனதும் இறுகிக்கொண்டது. அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் விடச் சொல்லி அவன் வாய் வலிக்கக் கேட்டிருந்தான்.

நிறுவனத்தின் வாசல் காவலாளியை எல்லோரும் மெத்தைக்காரர் என்பார்கள். இடுப்பு வலிக்காக எங்கே போனாலும் ஒரு சிறு மெத்தையைக் கையில் எடுத்துப் போவார். அன்று மெத்தையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தார். நகரு என்றார். சக்கரம் நகரவில்லை. அவர் தடியை எடுத்தார்.

மாடியில் முதலில் கேட்டது சத்தம்தான். ஈரத் துணியைக் கல்லில் அறைவது போன்ற சத்தம். சலவைக்கூடத்தில் அது யாருக்கும் புதிதாகப் படவில்லை. முதலில் அவள்தான் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பினாள். தம்பி மல்லாந்து கிடந்தான். தடி மேலே போவதும், அவன் கை முகத்துக்கு முன்னால் எழுவதும், தடி கையையும் சேர்த்துக்கொண்டு கீழே இறங்குவதும் தெரிந்தது. அவன் கண்ணை இறுக மூடியிருந்தான். வட்டம் முதலில் சிவந்தது, பிறகு வட்டமே தெரியவில்லை.

பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளை இஸ்திரியக்கா என்று கூப்பிடுவார்கள். அவளும் திரும்பினாள். ஆனால் பாதி திரும்பியதுமே தோளைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள். பெட்டியைத் துணிமேல் வைத்தவள் எடுக்க மறந்துவிட்டாள். தீய்ந்த நாற்றம் வந்தது.

தம்பியின் தாடை உடைந்திருந்தது. கம்பி போட்டு வாயைக் கட்டிவிட்டார்கள். கட்டில் பக்கத்தில் ஒரு போலீஸ்காரரை உட்கார வைத்தார்கள், ஏனென்றால் குற்றவாளி தம்பிதான். பணியில் இருந்த காவலாளிமீது அவன் கை ஓங்கினான் என்று மெத்தைக்காரர் சொல்லியிருந்தார். தாடை ஒட்டியதும் நேரே சிறை. கை ஓங்கினானா, முகத்தை மறைத்தானா என்று நிறுவனம் சொல்ல வேண்டும்.

அவள் பார்த்ததைச் சொல்லத் துணை இயக்குநரிடம் போனாள். அவர் மரியாதையானவர், அவளை உட்காரச் சொன்னார்.

"எங்கேருந்து பார்த்தேம்மா?"

"மேலேருந்து சார். சலவைக்கூட ஜன்னல்லேருந்து."

"அதான் பாரு. மேலேருந்து பார்த்தா விழுந்து கிடக்கிறவன் முகம்தான் தெரியும். அடி வாங்குற முகத்தைப் பார்த்தா யாருக்கும் இரக்கம் வரும். அது உன் தப்பு இல்ல, ஜன்னலோட தப்பு. போதாததுக்கு நீ அவனுக்கு அக்கா. அக்காங்கறதும் ஒரு ஜன்னல்தான்."

"அப்ப அடிச்சவர் சொன்னது மட்டும் எப்படி சார் செல்லும்?"

"அதையும் முழுசா எடுத்துக்க மாட்டோம். அவர் ரொம்பக் கிட்ட இருந்தாரு. கிட்ட இருந்தா எல்லாம் பெரிசாத் தெரியும். பாதியைக் கழிச்சுடுவோம்."

"என் தம்பி?"

"அவன் கண்ணை மூடிக்கிட்டான்னு நீயேதானே சொன்னே."

காற்றுத் துளைக்குள் புறா தொண்டையை உருட்டியது. துணை இயக்குநர் அவளைத் தேற்ற நினைத்து, அவள் பார்த்தது பொய் என்று நிறுவனம் ஒருநாளும் சொல்லாது, அது அவளுடைய பார்வை என்று மட்டுமே சொல்லும் என்றார். பொய் என்று சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சண்டையாவது போட்டிருக்கலாம்.

இஸ்திரியக்காவையும் விசாரித்தார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். துணை இயக்குநர் எழுந்து நின்று கை கொடுத்தார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சாய்வில்லாத சாட்சியை அவர் சந்தித்ததில்லையாம். நிறுவனத்தில் வேலைக்குச் சேர விருப்பமா என்றுகூடக் கேட்டாராம். திரும்பி வந்த இஸ்திரியக்கா அவள் பக்கம் பார்க்காமல் சொன்னாள், "எனக்கும் புள்ளைங்க இருக்குடி." பிறகு இருவரும் ஒரே விரிப்பின் இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து மடித்தார்கள்.

அவளுடைய பிடிவாதத்தால், அல்லது நிறுவனத்துக்கு வேறு வேலை இல்லாததால், இடச் சோதனைக்கு உத்தரவானது. நடந்ததை நடந்தபடியே மறுபடி நடத்தி, எல்லா இடத்திலிருந்தும் பார்ப்பது. முற்றம் முழுக்கச் சுண்ணாம்புப் புள்ளி வைத்தார்கள். ஆளுக்கொரு புள்ளி. புள்ளியை விட்டு நகர்ந்தால் பார்வை கெட்டுவிடும், என்ன நடந்தாலும் நகரக் கூடாது என்பது விதி. அடிப்பதற்கு மெத்தைக்காரரையே கூப்பிட்டார்கள். வேறு யாருக்கும் அதே கனத்தில் அடிக்க வராது.

தம்பியின் இடத்தில் மணல் மூட்டையைப் போட்டார்கள். மெத்தைக்காரர் நல்ல வேலைக்காரர். மூட்டையை அன்று அடித்தது போலவே அடித்தார். ஆனால் மூட்டை கையை எழுப்பவில்லை. கை எழுந்ததா என்பதுதானே வழக்கே. அதனால் துணியில் ஒரு கை தைத்துக் கொடுக்கும்படி அவளிடமே கேட்டார்கள். தைத்தாள். சலவைக்கூடத்தில் கிழிந்த விரிப்புகளுக்குக் குறைவில்லை. விரல்களைத் தனித்தனியாகத் தைக்க வேண்டாம், சும்மா ஒரு பை போதும் என்றார்கள். அவளுக்கு மனம் வரவில்லை. தனித்தனியாகவே தைத்தாள்.

துணிக்கையில் கயிறு கட்டி எழுத்தர் தூரத்திலிருந்து இழுத்தார். அது அடிக்க எழுந்த கையா, தடுக்க எழுந்த கையா என்று பார்வையாளர்கள் தங்களுக்குள் விவாதித்துவிட்டு, அது இழுத்தவரின் எண்ணத்தைப் பொறுத்தது என்று முடிவு செய்து எழுத்தரைக் கேட்டார்கள். எழுத்தர், "இழுன்னீங்க, இழுத்தேன்" என்றார். அவருடைய சம்பள உயர்வு அதோடு நின்றது.

நெருக்கப் பார்வையாளருக்கு மூட்டையின் கை சரியாகத் தெரியவில்லை. விதிப்படி அவருடைய புள்ளி தடி சுழலும் எல்லைக்கு ஒரு சாண் உள்ளே இருந்தது. குனிந்தார். தடி அவர் வாயில் இறங்கியது. பல் தெறித்து வட்டத்துக்குள் விழுந்தது. மெத்தைக்காரர் பழக்க தோஷத்தில் இன்னொன்றும் போட்டார். விழுந்தவரின் கை முகத்துக்கு முன்னால் எழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அவர் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார், அந்தக் கை எதுக்குன்னா…" என்று தொடங்கினார்.

"வேண்டாம், பேசாதீங்க," என்றார் துணை இயக்குநர். "நீங்க இப்ப நிகழ்ச்சிக்குள்ள போயிட்டீங்க. உங்க வார்த்தை செல்லாது."

அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவருடைய புள்ளி காலியாக இருக்கக் கூடாதென்று நடுத்தூரப் பார்வையாளர் அங்கே நகர்ந்தார். அவரும் குனிந்தார். அவருக்குக் காதோரம் கிழிந்தது. அவருக்கும் எல்லாம் தெரிந்துபோனது, அவர் வார்த்தையும் செல்லாமல் போனது. இடையில் மூட்டை வெடித்து மணல் கொட்டிவிட்டதால் எழுத்தரைப் படுக்கச் சொன்னார்கள். அவர் தடியைப் பார்த்ததுமே மயங்கிவிட்டார். மயங்கியவருக்குக் கை எழாது என்பதால் அவரால் பயனில்லை. மருத்துவமனையில் தம்பியின் வரிசையில் கட்டில்கள் நிறைந்துகொண்டே வந்தன. உண்மை தெரிந்தவர்கள் எல்லோரும் அங்கே வாய் வீங்கிப் படுத்திருந்தார்கள்.

அவள் தினமும் தம்பிக்குக் குழாயில் பால் கொடுக்கப் போவாள். குனிந்து கோப்பையை நீட்டும்போதெல்லாம் அவன் கை சட்டென்று முகத்துக்கு முன்னால் எழும். அக்காதானேடா என்பாள். கை இறங்கும். அவன் வெட்கத்தோடு பார்ப்பான். மறுபடி குனிவாள், மறுபடி எழும். முதலில் அது அவளுக்கு வலித்தது, என்னைக்கூடவா என்று. பிறகு அவனுக்கே தெரியாமல் எழும் கை அது என்று புரிந்தது. குழந்தைக்குச் சொல்வது போல அந்தக் கையிடமே பேசிவிட்டுப் பால் கொடுக்கக் கற்றுக்கொண்டாள்.

துணை இயக்குநர் கடைசியில் இடமாற்றம் என்ற முறையைக் கண்டுபிடித்தார். அடித்தவர் கிடந்தவன் இடத்தில் படுப்பது. தடியை வேறொருவர் எடுப்பது. படுத்தவர் கை எழுந்தால், அது எதற்கென்று நின்றவர் சொல்வது. ஒரே இடம், ஒரே தடி, ஒரே கை. இங்கே என்ன முடிவோ அதுவே தம்பிக்கும் முடிவு. அடிப்பதற்கு நிறுவனத்தில் ஆள் மிச்சமில்லை; துணை இயக்குநருக்கு அவருடைய புள்ளி இருந்தது.

"நீதான் பாக்கி," என்றார் அவளிடம். "முடியாதுன்னா சோதனை பாதியில நின்னுடும். நின்னா காவலாளி சொன்னதுதான் நிக்கும்."

மெத்தைக்காரர் வட்டத்துக்குள் தன் மெத்தையைப் போட்டு அதன்மேல் படுத்தார். அவருக்கு இது தமாஷாக இருந்தது. "பார்த்தும்மா. இடுப்புல மட்டும் வேணாம், ஏற்கெனவே போன இடுப்பு," என்றார்.

தடி அவள் எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. பிடி வழவழப்பாக, அவருடைய உள்ளங்கைக்குப் பழகி, இன்னும் சூடாக இருந்தது. அவளுடைய உள்ளங்கையும் அதில் சரியாகப் பொருந்தியது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. முனையோடு முனை வைத்து விரிப்பு மடித்தே பழகிய கை இது. இப்படி ஒன்றைப் பிடிக்க அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சும்மா ஓங்கிவிட்டு நிறுத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். அவர் கை எழுந்தால் போதும். எழுந்ததும் முகத்தை மறைக்கத்தான் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் காயமில்லாமல் முடிந்துவிடும்.

ஓங்கினாள்.

மெத்தைக்காரரின் சிரிப்பு நின்றது. கை எழுந்தது. மாடியிலிருந்து அவள் பார்த்த அதே கைதான். ஆனால் இங்கிருந்து அது அப்படித் தெரியவில்லை. விரல்கள் மடங்கிய ஒரு பெரிய கை அவள் முகத்தை நோக்கி வந்தது. அவளை அடிக்கத்தான் வந்தது. பயத்துக்குப் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. பால் கோப்பையும் கம்பி போட்ட வாயும் அதோடு வந்தன. தடி இறங்கியது. கை ஒடிந்து விலகியது. அதற்குள் தடி மறுபடி மேலே போய்விட்டிருந்தது. அடுத்தது தாடையில் விழுந்தது. மாடியில் ஈரத் துணி போலக் கேட்ட சத்தம் இங்கே காய்ந்த குச்சி முறிவது போலக் கேட்டது. இன்னொன்று அடித்தாள். அந்த இன்னொன்றுக்குப் பயம் காரணமில்லை என்பது அடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்தது. அதில் ஒரு சுகம் இருந்தது. அதை நினைத்துப் பிற்பாடு வெட்கப்பட வேண்டியிருக்கும் என்றும் தெரிந்தது. ஆனாலும் அடித்தாள்.

யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமானால் புள்ளியை விட்டு நகர வேண்டும். துணை இயக்குநர் தன் புள்ளியில் நின்றபடி, "பிரமாதம், அன்னிக்கு நடந்த அதே அளவு," என்றார்.

தடி தானாகக் கையிலிருந்து நழுவிய பிறகுதான் அவள் அவரைப் பார்த்தாள். மெத்தையிலிருந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. சிவந்த பஞ்சு. ஒடிந்த கை இன்னும் முகத்துக்கு முன்னால் வரப் பார்த்து, வர முடியாமல் ஆடிக்கொண்டிருந்தது.

கையில் ரத்தம் காய்வதற்குள் அவளை மேல்மாடிக்கு அழைத்துப் போனார்கள். இடமற்றவரின் அறையில் விளக்கும் இல்லை. கதவைச் சாத்தியதும் தன் கையே அவளுக்குத் தெரியவில்லை. துணை இயக்குநர் இருட்டுக்குள் நின்று விஷயத்தை விளக்கினார். படுத்திருந்தவர் அவளை அடிக்கக் கை ஓங்கினார் என்றால், அவள் தற்காப்புக்காக அடித்தாள். வீட்டுக்குப் போகலாம், தம்பி சிறைக்குப் போவான். அவர் முகத்தை மறைத்தார் என்றால், தம்பி வீட்டுக்குப் போவான். முகத்தை மறைத்துக்கொண்டு கிடந்த ஒருவரின் தாடையை உடைத்ததற்காக அவள் சிறைக்குப் போவாள்.

இருட்டிலிருந்து நிதானமான, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு குரல் பேசியது.

"பயப்படாதே. இந்த நாற்காலியில உட்கார்ந்து நான் ஒரு தடவைகூடத் தப்பாச் சொன்னதில்ல. எதையாவது பார்த்திருந்தாத்தானே தப்பாச் சொல்ல முடியும்? எத்தனையோ பேர் இங்க வந்து அழுதிருக்காங்க. ஒருத்தர் முகமும் எனக்குத் தெரியாது. அதனாலதான் என்னால நிம்மதியாத் தீர்ப்பு சொல்ல முடியுது. சொல்லு. நின்ன இடத்துலேருந்து என்ன பார்த்தே?"

அவளுக்கு அங்கேதான் சிக்கல். நின்ற இடத்திலிருந்து பார்த்ததைச் சொன்னால் அது தம்பிக்கு எதிரான சாட்சி. அவள் பார்த்தது அதுதான், அதே கண்கள்தான். மெத்தைக்காரரும் அன்று பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் வந்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் அது போகவில்லை.

"நின்ன இடத்துலேருந்து பார்த்தா, என்னை அடிக்க வந்த மாதிரிதான் இருந்துச்சு," என்றாள். துணை இயக்குநர் பெருமூச்சு விடுவது கேட்டது. "ஆனா அவரு முகத்தைத்தான் மறைச்சாரு."

"அதைப் பார்த்தியா?"

"பார்க்கல. தெரியும்."

"பார்க்காம எப்படித் தெரியும்?"

"என் தம்பிக்குப் பால் குடுக்கக் குனிஞ்சா எனக்கே அந்தக் கை எழும்புது. நான் அவனை அடிக்கவா போறேன்? தடி வெச்சிருக்கிறவ கண்ணுக்கு அது அடிக்க வர்ற கையாத்தான் தெரியும். தடி என் கையில இருந்துச்சு. அதான் அப்படித் தெரிஞ்சுது."

இருட்டில் நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. இடமற்றவர் நகர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கும் ஓர் இடம் இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

"தடி, பால் எல்லாம் எனக்குத் தேவையில்ல. ஓங்கினானா, மறைச்சானா?"

வீட்டுக்குப் போகலாம் என்ற வார்த்தை அவள் நாக்கு வரை வந்து நின்றது. தம்பி பிழைத்துக்கொள்வான், நான்தானே அவனுக்கு எல்லாம், நான் வெளியே இருந்தால்தானே அவனைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று மனம் வேகவேகமாக நியாயம் கட்டியது. நல்ல நியாயம்தான். இந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் எவரும் கட்டக்கூடிய நியாயம்.

"மறைச்சாரு," என்றாள்.

தீர்ப்பு அங்கேயே ஆனது. தம்பிக்கு விடுதலை. தம்பியை அடித்ததற்காக மெத்தைக்காரர்மேல் வழக்கு உண்டா என்று அவள் கேட்டாள். அவர் இப்போது பாதிக்கப்பட்டவர், தாடை உடைந்து கிடக்கும் ஒருவர்மேல் வழக்குப் போடுவது மனிதாபிமானம் ஆகாது என்று துணை இயக்குநர் வருத்தத்தோடு சொன்னார். தம்பிக்கு அடுத்த கட்டிலைத்தான் அவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

கீழே முற்றத்தில் புதுக் காவலாளி காத்திருந்தார். அவளைப் போலீஸ் வண்டிக்கு அழைத்துப் போவது அவருக்கு முதல் வேலை. நடு முற்றத்தில் அவள் கால் தானாக நின்றது. வெள்ளை வட்டம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. தம்பியுடையது எது, பல் போனவருடையது எது, மெத்தைக்காரருடையது எது என்று பிரிக்க முடியவில்லை. அவள் அதற்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏய், அங்க நிக்கக் கூடாது. நகரு," என்றார் புதியவர்.

கால் நகரவில்லை. சக்கரம் போல இறுகிக்கொண்டது. அவர் முதல் அடியை முழங்காலின் பின்புறம் போட்டார். விழுந்தாள். மல்லாந்து திரும்பியபோது தடி மேலே போவது தெரிந்தது. அவள் எதுவும் நினைக்கவில்லை. கை எழுந்தது.

விரல்களுக்கு நடுவே, வானத்துக்குக் கீழே, சலவைக்கூடத்தின் ஜன்னல் தெரிந்தது. இத்தனை வருஷம் உள்ளேயிருந்தே பார்த்த ஜன்னல். கீழேயிருந்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அங்கே இஸ்திரியக்கா நின்றாள். எப்போதும் போல அவள் தோள் சுவர்ப் பக்கம் திரும்பத் தொடங்கியது. பாதி திரும்பியது. அங்கேயே நின்றது.

தடி இறங்கியது. அடுத்த அடிக்கு முன்னால் கண்ணைத் திறந்தபோது, இஸ்திரியக்காவின் முகம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. அவள் மூச்சும் ஆவியும் பட்டுக் கண்ணாடி மங்கியது. அவள் உள்ளங்கையால் அதைத் துடைத்தாள். மறுபடி மங்கியது. மறுபடி துடைத்தாள்.